தேதி மறந்த பெட்டி

நான்காம் மாடியில் குடியிருக்கும் காப்பீட்டு விசாரணை அதிகாரிக்குக் கட்டடம் முழுக்கப் ‘பூட்டு’ என்றுதான் பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டார். தன்னைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு பாராட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவது அவர் சுபாவம். மற்றவர்கள் சொல்வதில் பொய்யைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர் தொழில்.

தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும்; அதை விட்டால் இந்த மனிதரை விளக்க வேறு வழியில்லை. அடிபட்டுப் படுத்திருப்பதாகச் சொல்லி யாராவது இழப்பீடு கேட்டு மனுப் போட்டால், அது நிஜம்தானா என்று பார்த்துவர நிறுவனம் இவரைத்தான் அனுப்பும். மனுப் போட்டவரிடம் அவர் கடைசியாகத்தான் போவார். முதலில் தெருமுனைக் கடை. ‘இன்னார் வீடு எங்கே இருக்கு?’ என்று அப்பாவியாக வழி கேட்பார். வழி சொல்கிறவர்கள் வழியோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. பிறகு மருந்துக்கடை, முடிதிருத்தகம், சலவைக்கடை. ஒரு சுற்று வந்தால் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் கைக்கு வந்துவிடும். முதுகைத் திருப்ப முடியாது என்று படுத்திருந்த ஒரு லாரி ஓட்டுநரை, அவர் மகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் ஆசிரியையிடம் பேச்சுக் கொடுத்தே குளத்தில் குதிக்க வைத்தவர் இவர். மனு தள்ளுபடி. சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னால், பாடகர்கள் தங்கள் முதல் கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது வருமே, அந்தக் களை அவர் முகத்தில் வரும்.

ஆகவே, ஊரில் எல்லோரும் எல்லோரையும் வேவு பார்க்கிறார்கள் என்று அவர் நம்பினார் என்றால், அது ஆதாரமில்லாத நம்பிக்கை அல்ல. ஆதாரம் அவரேதான்.

இந்த நம்பிக்கையோடு அவர் வாழ்ந்த விதம் தனி அழகு. வீட்டுக் கதவில் அடுக்கடுக்காகத் தாழ்ப்பாள்கள். ஆனால் பால்கனியில் நின்று தன் சர்க்கரை அளவையும் மைத்துனனின் சம்பளத்தையும் போனில் கத்திப் பேசுவார். இரண்டு மாடி கீழே துணி உலர்த்துகிறவர்கள் கொடியைப் பிடித்தபடி கேட்பார்கள். தபால் உறைகளைக் கிழித்துத் தூளாக்கிக் குப்பையில் போடுவார். எல்லாக் கணக்குக்கும் வைத்திருக்கும் ஒரே பாஸ்வேர்டை மறக்காமலிருக்க, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்.

அவர் மனைவி காது பரிசோதிக்கும் வேலை பார்ப்பவள். ஒரு தனியார் மருத்துவமனையில், கூப்பிட்ட நாளுக்குப் போய், மிச்ச நாளெல்லாம் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் வேலை. தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ‘கேக்குதா? இப்ப? இப்பவும் கேக்குதா?’ என்று கேட்டே பல வருடம் போய்விட்டது. வேலை நிரந்தரமில்லை என்பதால் விடுப்பு கிடையாது, உடம்பு சரியில்லாமல் போனால் அந்த நாளே கிடையாது. பெரிய மருத்துவமனை ஒன்றில் அதே வேலைக்கு நிரந்தர இடம் ஒன்று காலியானபோது அவள் விண்ணப்பித்தாள். அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றதால்தான் அது காலியானது. அடுத்தவர் ஓய்வு பெறும்வரை இனி காலியாகாது. அந்த அளவுக்கு அரிய இடம். தேர்வுக் குழு வேறு ஊரில் இருந்தது. நேர்காணல் வீடியோவில்.

இந்த நேர்காணலுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பூட்டுக்கு ஞானம் பிறந்தது. அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டாய வகுப்பு. சக ஊழியர்கள் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். இவர் மட்டும் கேட்டார். ஓர் இணையப் பக்கத்தின் பெயரை நாம் தட்டினால், கணினிக்கு அந்தப் பெயரை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாது. எண்ணாக இருக்கும் முகவரிதான் அதற்கு வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும், இணைப்புக் கொடுத்திருக்கும் கம்பெனியிடம் அது முகவரி விசாரிக்கிறது. டிஎன்எஸ் என்று அதற்குப் பெயர். அந்த விசாரிப்பு மூடிய உறையில் போவதில்லை. நடுத்தெருவில் நின்று உரக்கக் கேட்பது மாதிரி. போகிற வழியில் இருப்பவன் கேட்கலாம். பதில் சொல்கிறவன் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. தெருமுனைக் கடைக்காரர்! தனக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்ட அதே கடைக்காரர் தன் வீட்டு ரூட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இந்த வீட்டார் எங்கெங்கே வழி கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் அப்படி எங்கே வழி கேட்டார் என்பதையும் சொல்லிவிடலாம். நாளைக்கு மழை வருமா. முன்மண்டையில் முடி கொட்டினால் என்ன செய்வது. நாற்காலிக் காலுக்கு ரப்பர் எங்கே கிடைக்கும். அந்த வகுப்புக்குப் பிறகு இவையும் நின்றுபோய், டிஎன்எஸ் விசாரிப்பை மறைப்பது எப்படி என்று மட்டுமே தேடிக்கொண்டிருந்தார். மறைக்க வேண்டியதாக அவரிடம் சேர்ந்த முதல் விஷயம், எப்படி மறைப்பது என்று அவர் தேடியதுதான்.

விசாரிப்பைக் குறியாக்கம் செய்து, அதாவது உறையிலிட்டு முத்திரை வைத்து, அனுப்ப வழிகள் ஏராளம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பூட்டு அப்படிப்பட்ட அவசரக்காரர் அல்ல. பிரவுசரிலேயே ஒரு பொத்தான் இருந்தது; தட்டினால் முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பது பூட்டாக இருக்க முடியாது என்று அதைத் தள்ளினார். இலவசமாகச் செய்துதரும் பெரிய நிறுவனங்கள் இருந்தன. ‘எதுக்கு இலவசம்?’ என்று கேட்டுத் தள்ளினார். காசு வாங்கிக்கொண்டு செய்யும் நிறுவனம் பெயரும் முகவரியும் கேட்டது. ‘எதுக்குப் பேர்?’ என்று அதையும் தள்ளினார். தன்னார்வலர் ஒருவர் எழுதிய மென்பொருள் கொஞ்ச காலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. மிகவும் ரகசியமானது, மிகவும் சிக்கலானது, பயன்படுத்துகிறவர்களே குறைவு. ஆனால் அதை எழுதியவர் தன் பக்கத்தில் தன் புகைப்படத்தைப் போட்டிருந்தார். சொந்த முகத்தையே மறைக்கத் தெரியாதவன் என்று அந்த உறவு முறிந்தது. சிறிய சங்கம் ஒன்று இதே சேவையைத் தர்மமாக நடத்திவந்தது. அவர்களுக்கு ஒரு நீண்ட கேள்வி அனுப்பினார். உடனே, மரியாதையாக, தெளிவாகப் பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறவர்களுக்கு என்ன உள்நோக்கம் என்று யோசிப்பதில் ஒரு வாரம் போனது.

இந்த ஆராய்ச்சியை எல்லாம் அவர் மனைவியின் தம்பியிடம் சொல்லிக் காட்டுவார். அந்த மைத்துனன் வேலை பார்ப்பது வேறெங்கும் இல்லை, வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் அதே கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில். எதிரியின் பாசறையில் சொந்தக்காரன் இருந்தும் அவனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றாதது நம் விசாரணை அதிகாரிக்கு மட்டுமே நேரக்கூடிய விபத்து. கேட்காமலே அவன் சொன்னான்.

“அத்தான், நீங்க எங்க போறீங்க வர்றீங்கன்னு பாக்க எங்ககிட்ட ஆளே இல்ல. போன் எடுக்கவே ஆள் இல்ல.”

“நீ அப்படித்தான் சொல்லுவே, மாப்ள. உனக்கு அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க.”

“சரி, ரகசியமாவே வழி கேக்கறீங்க. கேட்டுட்டு நடந்து போறது எங்க தெரு வழியாத்தானே? யார் வீட்டு வாசல்ல நிக்கிறீங்கன்னு அப்ப தெரியாதா?”

அது பூட்டுக்கும் உறைத்தது. கேள்வி சரியான கேள்வி. ஆனால் சரியான கேள்வியைக் கேட்டவன் தன்னைவிட வயதில் சின்னவன் என்பதால், அதற்கு அடுத்த கட்டத்தில் வழி வைத்திருப்பதாகச் சொல்லிப் பேச்சை முடித்தார்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது உள்ளங்கையளவு சின்னக் கணினிப் பெட்டி ஒன்றை. வீட்டில் யார் எந்த முகவரி கேட்டாலும் அது முதலில் இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி அதை உறையிலிட்டு அந்தச் சங்கத்துக்கு அனுப்பும். (உள்நோக்கம் எதுவும் அகப்படாததால் சங்கத்தை மன்னித்திருந்தார்.) பெட்டியைத் தாண்டி வேறெந்த வழியாகவும் கேட்க முடியாதபடி ரூட்டரை அடைத்தார். மனைவியின் மடிக்கணினியையும் இந்தப் பெட்டியை மட்டுமே கேட்கும்படி மாற்றினார். அவள் வெளியே போனாலும் பாதுகாப்பு பின்னாலேயே போக வேண்டும் என்று, அவள் போனும் எங்கிருந்தாலும் இந்தப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும் என்று அமைத்தார். அந்த அமைப்பு போனுக்குள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டவில்லை. காட்டினால் மாற்றிவிடுவாளாம்.

“இப்ப நான் மருந்துக்கடை பக்கத்தைப் பாத்தா யாருக்கும் தெரியாது. அவ்வளவுதானே?” என்றாள் அவள்.

“நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா?”

“யாருங்க வந்து கேப்பா?”

“என்னை மாதிரி ஒருத்தன்” என்றார் அவர். தன்னைப் பற்றி அவர் சொன்ன உண்மை அநேகமாக அது ஒன்றுதான். அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

பெட்டி ஓடியது. சில பக்கங்கள் திறக்காது, சில பக்கங்கள் யோசித்துத் திறக்கும். வங்கிப் பக்கம் திறக்காதபோது வங்கியைச் சந்தேகித்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெட்டியின் முன் உட்கார்ந்து எதையாவது இன்னும் இறுக்குவார். இறுக்கிய பிறகு வீட்டில் ஏதாவது நிற்கும். நேர்காணல் தேதி வந்ததும் அவள் அவரிடம் ஒரே ஒரு வரம் கேட்டாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். அது முடியும்வரை இணைப்பில் கைவைக்கக் கூடாது. அவர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் தான் என்றும் சொன்னார்.

காப்பாற்றவும் செய்தார். கேடு அதில்தான் வந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு அவருக்கு ஒரு புதுப் பயம் வந்தது. பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அதற்குள் இருக்கும் மெமரி கார்டில் என்னென்ன எழுதப்பட்டிருக்கும்? ஆகவே அன்று காலை, பெட்டி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்குக் கட்டளை எழுதினார். கார்டில் ஓர் எழுத்துக்கூட இனி பதியாது. மின்சாரம் போனால் எல்லாம் மறந்து, அன்று பிறந்த குழந்தைபோல எழுந்திருக்கும். கட்டளை அடுத்த தடவை பெட்டி அணைந்து எழும்போது நடப்புக்கு வரும். இதுபோன்ற மாற்றத்தைச் செய்கிறவர்கள் உடனே ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. பார்த்தால் இணைப்பு ஒரு நிமிடம் போகும். வியாழன் வரை இணைப்பைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாரே. தான் தொட்டது பெட்டியின் நினைவைத்தான், இணைப்பை அல்ல என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். ஊரார் மனுக்களை இதைவிடச் சின்ன வார்த்தைப் பிசகுக்காகத் தள்ளுபடி செய்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை மின்சாரம் போனது. தெருவில் ஏதோ பழுது பார்த்தார்கள். அவள் பதறவில்லை, இஸ்திரி போட்ட உடையோடு மடிக்கணினி முன் உட்கார்ந்து, வந்துவிடும் என்று காத்திருந்தாள். வந்தது. விசிறி சுற்றியது, ரூட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. பக்கம் மட்டும் திறக்கவில்லை. எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

அன்று பூட்டு, மனைவிக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்தார்.

பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். அதன் விளக்கு எப்போதும்போல் கண் சிமிட்டியது. முதலில் கம்பெனியைத் திட்டினார். பிறகு சங்கத்தைத் திட்டினார். ஏதோ கட்டளைகளைத் தட்டினார். தன்னை அடையாளம் காட்ட ஒவ்வொரு தடவையும் சங்கம் நீட்டும் சான்றிதழை ஏற்க முடியாது என்று பெட்டி திரும்பத் திரும்பச் சொன்னது. இதைப் பார்த்ததும் அவர் முகத்தில் கவலை போய், ஒரு வெளிச்சம் வந்தது. நெடுநாள் எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார். நடுவில் யாரோ புகுந்துவிட்டான். போலிச் சான்றிதழைக் காட்டுகிறான். பெட்டி பிடித்துவிட்டது.

“என்னங்க, அதைக் கழட்டிடுங்க. பழையபடி வெச்சிடுங்க. நேர்காணல் முடிஞ்சதும் மாட்டிக்கலாம்.”

“இந்த நேரத்துலயா? இப்பதான் ஒருத்தன் உள்ள வரப் பாக்கறான். இப்பக் கழட்டினா எல்லாம் வெளியில தெரிஞ்சிடும்மா.”

“என்ன தெரியும்? நான் வேலை கேக்கறேன்னு தெரியும். தெரிஞ்சா என்ன?”

“கொஞ்சம் பொறு. கண்டுபிடிச்சிட்டேன்.”

“என் போன்லயாவது எடுத்து விடுங்க.”

“பொறுன்னு சொன்னேன்ல.”

ரூட்டரில் ஓரிடத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும். போனில் ஒரே தட்டு. இரண்டும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்யவில்லை. இத்தனை மாதம் காவல் காத்தும் வராத திருடன் கடைசியில் வந்திருக்கும்போது கதவைத் திறந்துவிட எந்தக் காவல்காரனுக்கும் மனம் வராது. இவருக்கும் வரவில்லை. மனைவியின் நேர்காணல் வேண்டுமானால் இன்னொரு தடவை வரும். இப்படி ஒரு திருடன் வருவானா?

அவள் அவர் முதுகைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நேர்காணலுக்கு அழைத்திருந்த எண்ணைத் தன் கையிலேயே எழுதிக்கொண்டு, போனை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். கதவின் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தரைத்தளத்தில் தையல்கடை. நடத்துகிறவளைக் கட்டடம் முழுக்கத் தையல்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தயாராகும்வரை காத்திருப்பவர்களுக்காக அவள் கடையில் வைஃபை உண்டு. அதன் பாஸ்வேர்டைக் கண்ணாடிக்கு மேலே அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஆணியடித்திருந்தாள். பூட்டு அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பார். உலகம் எப்படி அழியும் என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் அந்த அட்டை.

“அக்கா, உங்க போனைக் கொஞ்ச நேரம் குடுக்கறீங்களா? என் போன்ல நெட் வேலை செய்யல.”

“ஏன், சார் பூட்டிட்டாரா?” என்று கேட்டபடியே தையல்கார அக்கா போனைக் கொடுத்தாள். முன்கண்ணாடி உடைந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. இவள் கையில் எழுதியிருந்த எண்ணை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் நேர்காணலில் சேரும் இணைப்பை அந்தப் போனுக்கே அனுப்பினார்கள். தையல்கார அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். கால்சட்டை இடுப்பு இறுக்கம் என்று சண்டை பிடிக்க வந்த ஒருவரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்த்தினாள்.

சத்தமில்லாமல் எங்கே உட்காருவது என்று தேடப் பூட்டின் மனைவிக்கு நேரமாகவில்லை. அது அவள் தொழில். கடையின் மூலையில், உடை போட்டுப் பார்க்கும் சின்னத் தடுப்பு இருந்தது. மூன்று பக்கமும் தைத்து முடித்த கோட்டுகளும் கம்பளிகளும் தொங்கின. முன்னால் கனத்த திரை. உள்ளே போய்த் திரையை இழுத்ததும் தெருச் சத்தம் அடங்கிவிட்டது.

குழுவில் இருந்தவர்களில் ஒருவர், அவள் பின்னால் தொங்கிய கோட்டுகளைப் பார்த்து, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். தையல்கடையில் இருந்து என்றாள். பிறகு, அமைதியான அறை இல்லாத இடத்துக்குப் போய்க் காது பரிசோதிக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்தது. அவர்கள் அதை ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்களா, கோட்டுகளைப் பார்த்துக் கேட்டார்களா என்பது தெரியாது. அவள் ஒரு கையால் திரையை விலக்கினாள். தெரு உள்ளே வந்தது. திரையை மூடினாள், தெரு வெளியே போனது. “இப்படித்தாங்க செய்வேன்” என்றாள்.

மேலே பூட்டு திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். மத்தியானம் மைத்துனன் வந்தான், அக்காவிடம் நேர்காணல் எப்படி என்று கேட்க. அத்தானின் திரையை எட்டிப் பார்த்தவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

“அத்தான், இந்தப் பெட்டியில தேதி பாத்தீங்களா?”

பெட்டியில் தேதி இரண்டு வருடம் பின்னால் இருந்தது.

சங்கதி இவ்வளவுதான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போகும்முன் கடைசியாகக் கார்டில் குறித்துவைத்த நேரத்தைப் பார்த்து எழுந்துகொள்ளும். பிறகு இணையத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். எதையும் நினைவில் வைக்காதே என்று பூட்டு சொன்னார். அது கீழ்ப்படிந்தது, தேதியையும் மறந்தது. அதைச் செய்தவர்கள் என்றோ உள்ளே வைத்த ஒரு பழைய தேதியில் கண் விழித்தது. சங்கம் காட்டிய சான்றிதழோ சில வாரங்களுக்கு முன் வழங்கப்பட்டது. இரண்டு வருடம் பின்தங்கி உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். போலி என்று திருப்பி அனுப்பியது. சரி, நேரத்தையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நேரம் சொல்கிறவருடைய முகவரியை விசாரிக்க வேண்டும். விசாரிக்கச் சங்கத்திடம்தான் போக வேண்டும். சங்கத்தைத்தான் அது நம்பவில்லையே. இப்படியே வாசலில் நின்று, வந்த நல்லவர்களை எல்லாம் நாள் முழுக்க அது துரத்திக்கொண்டிருந்தது. திருடன் என்று ஒருவனும் வரவில்லை.

மைத்துனன் தேதியைக் கையால் தட்டினான். எல்லாப் பக்கங்களும் திறந்தன.

பூட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவியை ஏறிட்டுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று மைத்துனன் காத்திருந்தான். சொன்னார்.

“பூட்டுல கோளாறு இல்ல, பாத்தியா. கடிகாரத்துலதான்.”

அவள் கையில் எழுதியிருந்த எண்ணைக் கழுவப் போனாள். கேட்கிறதா இல்லையா என்று ஆயுள் முழுக்கப் பிறரைப் பரிசோதித்தவள். இந்தக் காதில் இனி எந்த ஒலியும் ஏறாது என்ற முடிவுக்கு அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.

வேலை கிடைத்தது. பூட்டு எல்லோரிடமும் சொன்னார், அன்றைக்குத் தானும் விடுப்புப் போட்டு உடனிருந்ததாக. அது பொய்யல்ல. அவர் சொல்வதில் பொய் இருக்காது. உண்மையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

புது வேலையில் சேர்ந்த பிறகு அவள் முதலில் செய்த காரியம், தம்பியிடம் சொல்லித் தன் பெயரில் தனியாக ஓர் இணைப்பு வாங்கியது. உள்ளறையில், அலமாரி மேல், தனி ரூட்டர். பெட்டி கிடையாது, சங்கம் கிடையாது. கம்பெனி என்ன கொடுத்ததோ அது அப்படியே. பாஸ்வேர்டை அவளே வைத்தாள். தன் போனில் அவர் செய்திருந்த அமைப்பைத் தம்பியை விட்டு எடுக்கவைத்து, அது எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டாள்.

பூட்டு இதைப் பரிதாபத்தோடு பார்த்தார். திறந்த வீட்டில் குடியிருக்கப் போகிறாளே என்று வருந்தினார். அவருக்கோ கைநிறைய வேலை வந்துவிட்டது: பெட்டியில் பொருத்த ஒரு கடிகாரம் வேண்டும். பேட்டரியோடு வரும் சிறு கடிகாரத் துண்டுகள் பல வகை. எதை வாங்குவது? செய்தவன் யார்? அவன் சொல்லும் நேரத்தை எதை வைத்து நம்புவது? இந்த ஆராய்ச்சி இன்றுவரை முடியவில்லை. ஆகவே பெட்டிக்கு இன்னும் கடிகாரம் இல்லை. எதையும் நினைவில் வைக்காதே என்ற கட்டளையையும் அவர் திரும்பப் பெறவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா. மின்சாரம் போய்வந்தால் பெட்டி பழைய தேதியில் எழுந்து எல்லோரையும் துரத்த ஆரம்பித்துவிடும். தேதியைக் கையால் மாற்ற மைத்துனன் அன்று என்ன தட்டினான் என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், மனத்தில் பதியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

முதல் தடவை அப்படி ஆனபோது உள்ளறை வாசலில் போய் நின்றார்.

“அந்த பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லும்மா.”

“யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க.”

“நான் யாரோவா?”

“உங்களை மாதிரி ஒருத்தர் வந்து கேப்பார்னும் நீங்கதான் சொன்னீங்க” என்றாள் அவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி விழித்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தேடினார். அங்கே தன்னுடையதுதான் இருந்தது. அவள் பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். கல்யாண நாளை அவர் தப்பாகத் தட்டினார் என்பதும், சரியாகத் தட்டியிருந்தாலும் திறந்திருக்காது என்பதும் வேறு விஷயம். மைத்துனனை அழைத்துச் சுற்றி வளைத்துக் கேட்டார். “எனக்கே தெரியாது அத்தான். வைக்கும்போது அக்கா என்னைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டாங்க” என்றான் அவன். கடைசியில் தையல்கடைக்குப் போனார், ஒரு சட்டைப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு. பொத்தானில் ஆரம்பித்தார். வானிலைக்கு வந்தார். பெண்கள் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்வார்கள் என்ற பொதுக் கருத்துக்கு வந்தார். தையல்கார அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்கிட்ட இருக்கறது ஒரே பாஸ்வேர்டுதான் சார். அதோ, அங்க எழுதியிருக்கு. வேணும்னா எடுத்துக்கோங்க.”

தன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு தெருவைச் சுற்றிவந்தும் வெறுங்கையோடு நின்றார். மறைக்க ஏதாவது வைத்திருந்து, அதை மறைக்கவும் தெரிந்த மனிதரை அவர் சந்தித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் சொந்த வீட்டில்.

இப்போதெல்லாம் மின்சாரம் போய்வந்த நாட்களில், மைத்துனன் எட்டிப் பார்த்துத் தேதியைத் தட்டிவிட்டுப் போகும்வரை, அவரைத் தையல்கடை வாசலில் பார்க்கலாம். கடிகாரத் துண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி நிற்கக் கூடாதே. முதல் வேலையாகத் தன் போனில் இருக்கும் அமைப்பை எடுத்துவிடுவார். அதற்கு ஒரு தட்டுக்கு மேல் ஆவதில்லை. பிறகு கண்ணாடிக்கு மேலே இருக்கும் அட்டையை அண்ணாந்து பார்ப்பார். கண் கொஞ்சம் மங்கல் என்பதால், தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படிப்பார். கால்சட்டைக்காகக் காத்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர் எங்கே போகிறார் என்பதை அறிந்துகொள்ள அவர்களில் யாருக்கும் ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.